அம்மம்மாவின் திவசமும் யாழினியின் சோதனையும்

ரஞ்சி: ஐயர் திதி பார்த்துச் சொல்லிவிட்டார். அம்மாவின் ஆண்டுத் திவசம் வருகிற மாதம் மூன்றாம் ஞாயிறு. கொக்குவில் வீட்டில்தான். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொன்னால் சமையலுக்கு ஆள் பிடிக்கலாம்

குமார் (கனடா): காசு அனுப்புகிறேன். லீவு கிடைக்காது

துஷி: நான் வாழை இலை பொறுப்பு

யாழினி: சித்தி, மூன்றாம் ஞாயிறா? அன்றைக்குத்தான் இங்கே திருச்சியில் எனக்குத் தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 2 முதல்நிலைத் தேர்வு. 200 கேள்வி, 3 மணி நேரம். இரண்டு வருடமாக இதற்குத்தான் படிக்கிறேன்

ரஞ்சி: ஐயோ பிள்ளை. திதியை மாற்ற முடியாதே

வசந்தி: நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவளைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவது

ரூபன்: மாமா இருக்கிறார்தானே மாமி

வசந்தி: அவருக்கு அந்த வாரம் வேலை

குமார் (கனடா): அக்காவின் கல்யாணத்துக்கு அண்ணா வரவில்லை. இப்போது அம்மாவின் திவசத்துக்கு அக்கா வரவில்லை. நல்ல குடும்பம்

ரஞ்சி: குமார், அந்தக் கதை வேண்டாம்

சிவம் மாஸ்டர்: யாழினி, படிப்பு எந்த மட்டில் இருக்கிறது?

யாழினி: வரலாறு பரவாயில்லை மாமா. புவியியல்தான் மண்டையில் நிற்கவில்லை. மழை, ஆறு, அணை எல்லாம் பட்டியல் பட்டியலாகப் படிக்கிறேன், அடுத்த நாள் மறந்துபோகிறது

சிவம் மாஸ்டர்: பட்டியலாகப் படித்தால் மறக்கத்தான் செய்யும். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவன் சொல்கிறேன், கேள். முதலில் மழையைப் பிடி. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது, மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறித்துவிடுகிறது. கேரளம் நனைகிறது, தமிழ்நாட்டின் பெரும்பகுதி மலைமறைவில் காய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தோடு வரும்போதுதான் வருடத்து மழையில் கிட்டத்தட்ட பாதி விழுகிறது. எங்கட யாழ்ப்பாணத்துக்கும் அதே மாரிதான். ஆனால் எங்களுக்கு ஆறில்லை, வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும், மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில்தான் நிற்கும். தஞ்சாவூருக்கோ காவிரி இருக்கிறது. அது பிறப்பது குடகு மலையில், அங்கே விழுவது தென்மேற்கு மழை. ஆகவே டெல்டாவில் மழையே இல்லாத நாளிலும் மேட்டூருக்குத் தண்ணீர் வந்து சேருகிறது. குறுவை நெல்லுக்கு ஜூன் 12 அணை திறப்பது அதனால்தான். 1934இல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. இந்த ஒரு காரணம் விளங்கினால் ஐந்து கேள்விக்கு விடை வரும்

துஷி: பெரிய மாமா 🙏

ரூபன்: அப்பா, இப்போது திவசத்தைக் கதைப்போம்

ரஞ்சி: வடைக்கு உளுந்து எவ்வளவு போட? 40 பேர் என்று வைப்போமா

சிவம் மாஸ்டர்: 50 என்று வை. யாழினி, இனி ஆறுகளைப் பிடித்தால் அரசர்கள் தாமாகவே வருவார்கள். வரலாற்றுக் கொப்பி வேறு, புவியியல் கொப்பி வேறு என்று வைக்காதே. காவிரி என்றால் சோழர், கல்லணை, உறையூர், தஞ்சை. வைகை என்றால் மதுரைப் பாண்டியர், கீழடி. தாமிரபரணி பொதிகையில் பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் விழும் வற்றாத ஆறு, அதன் கரையில் ஆதிச்சநல்லூர், முகத்துவாரத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை. இன்றைக்குக் கடல் விலகிப்போய்க் கொற்கை உள்ளூராகிவிட்டது. பாலாற்றுப் பக்கம் காஞ்சி, பல்லவர். பிறகு மலைத்தொடரைப் பார். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கடற்கரைக்குப் போகிற வணிகர் அதற்குள்ளால்தான் போனார்கள், வழியில் நொய்யல் கரையில் கொடுமணல், மணி செய்கிற ஊர். கோயம்புத்தூர்ப் பக்கம் ரோமக் காசு ஏன் கிடைக்கிறது என்று இனி உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை

யாழினி: மாமா, இப்படி யாருமே சொல்லவில்லை. வகுப்பில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று மட்டும் எழுதிப் போட்டார்கள்

சிவம் மாஸ்டர்: அதுவும் வேண்டும். ஆனைமுடி அதைவிட உயரம், ஆனால் கேரளத்தில் இருக்கிறது. மாறிப் போட்டுவிடாதே. மாவட்டம் 37, சரிதானே?

யாழினி: 38 மாமா. மயிலாடுதுறை 2020இல் பிரிந்தது

சிவம் மாஸ்டர்: நல்லது. என்னுடைய புத்தகம் பழசு. நீ சொன்னதுதான் சரி

குமார் (கனடா): அண்ணா பிழையை ஒத்துக்கொண்ட நாள். குறித்து வையுங்கள்

வசந்தி: குமார்

ரூபன்: காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலில் மாமி மட்டும் வரலாமே. திருச்சியிலிருந்து நாகபட்டினம் கிட்டத்தானே

ரஞ்சி: அக்காவுக்குக் கடல் ஒத்துவராது

ரூபன்: கடல் என்றதும் ஞாபகம் வருகிறது. இழுவைப் படகு வந்து பருத்தித்துறைப் பக்கம் மறுபடியும் வலையை அறுத்துவிட்டதாம். பக்கத்து வீட்டு அண்ணை அழுகிறார்

யாழினி: இங்கேயும் பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்கள் அழுகிறார்கள் மச்சான்

ரஞ்சி: இரண்டு பக்கமும் பாவம்தான். இந்தக் குழுவில் அது வேண்டாம். உளுந்து 50 பேருக்கு, சரி

யாழினி: மாமா, ஒன்றே ஒன்று. மாநிலம் உருவானதில் தேதிகள் குழம்புகின்றன

சிவம் மாஸ்டர்: வரிசையாகக் கதையாகச் சொல். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் இறந்தார், 1953 அக்டோபர் 1 ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 மொழிவழி மாநிலம், மலபார் கேரளத்துக்குப் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. திருத்தணி 1960இல்தான் வந்தது. பெயர் மட்டும் சென்னை மாநிலமாகவே இருந்தது. தமிழ்நாடு என்று வை என்று கேட்டுச் சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து 1956 அக்டோபரில் உயிரைவிட்டார், அதை மறக்கக் கூடாது பிள்ளை. தீர்மானம் 1967 ஜூலை 18, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. தீர்மானத் தேதியையும் நடைமுறைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கேட்பார்கள்

வசந்தி: சோதனையின் தமிழ்ப் பகுதியில் சி.வை. தாமோதரம்பிள்ளையும் வருகிறார் அண்ணா. எங்கட சிறுப்பிட்டி ஆள் என்று அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பார். இவளிடமும் சொன்னேன்

சிவம் மாஸ்டர்: ஓம். ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சில் ஏற்றியவர். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை

ரஞ்சி: அம்மா இருந்திருந்தால் திவசத்தை விட்டுவிட்டுப் போய்ச் சோதனை எழுது என்றுதான் சொல்லியிருப்பா

துஷி: 😢 ஓம்

ரூபன்: அப்படியென்றால் யாழினி வரவில்லை. மாமி?

வசந்தி: பார்க்கிறேன்

சிவம் மாஸ்டர்: [படம்] யாழினி, கையால் கீறியது. நீலம் ஆறு, பச்சை மலை, சிவப்பு அணை. வேதாரணியத்துக்கு நேரே எங்கட ஊரையும் போட்டிருக்கிறேன். பார்க்காமல் நீயும் பத்துத் தரம் கீறு

யாழினி: ரொம்ப அழகாக இருக்கிறது மாமா. ஒவ்வொரு நாள் காலையிலும் கீறுகிறேன்

ரஞ்சி: அண்ணா, அது அம்மாவின் பால் கணக்குக் கொப்பி அல்லவா? ஓரத்தில் அம்மாவின் எழுத்துத் தெரிகிறது

சிவம் மாஸ்டர்: ஓம். பின்பக்கத் தாள் வெறுமையாக இருந்தது

வசந்தி: அதை யாருக்கும் கொடுக்காதீர்கள் அண்ணா. நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்

சிவம் மாஸ்டர்: வா. அலுமாரியில் வைக்கிறேன்

ரூபன்: மாமி, கப்பலா விமானமா? இன்றைக்குச் சொன்னால்தான் பதிவு செய்யலாம்

குமார் (கனடா): டிக்கெட் காசு என்னுடையது

ரஞ்சி: 51 பேர் என்று போடட்டா?