சங்கத்திற்குச் செயலி வேண்டுமா, கைப்பேசியில் திறக்கும் இணையத்தளம் போதுமா?

கேள்வி: உட்லண்ட்ஸ் தொண்டூழியர்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றில் நான் தொண்டூழியராக இருக்கிறேன். உறுப்பினர்களில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வசிக்கும் மூத்தோர். அண்மைக்காலமாகத் தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழக ஊழியர்களும் எங்களுடைய ஆங்கில வகுப்புகளுக்கு வருகிறார்கள். வகுப்பு நேரம், மருத்துவப் பரிசோதனை நாள், நூலக நிகழ்ச்சி, வேலை அனுமதி குறித்த ஐயங்களுக்கு யாரை அணுகுவது என்பன போன்ற தகவல்களைத் தமிழிலேயே கைப்பேசியில் பார்க்கும்படி ஒரு சேவையைத் தொடங்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. இப்போது எல்லாமே வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. நேற்று மாலை போட்ட அறிவிப்பு, இன்று காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் தனித்தனியாகச் செயலி செய்ய வேண்டும், அதுதான் சங்கத்திற்கு மதிப்பு என்று குழுவில் ஒரு சாரார் கூறுகிறார்கள். நானும் இன்னும் சிலரும் இணையத்தளமே போதும் என்று நினைக்கிறோம். ஆனால் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர், “கைப்பேசியில் இணையத்தளம் பார்ப்பது ‘வேப்’ (கைப்பேசி இணையத்திற்கான பழைய ஏற்பாடு) காலத்திலேயே தோற்றுப்போன முயற்சி” என்று அழுத்தமாகச் சொன்னபோது எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. அது தோற்றது உண்மையா? உண்மையென்றால் பின்னர் எப்படி வளர்ந்தது? எங்களைப் போன்றோர் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பழைய வலையமைப்பாளர்

உங்கள் மூத்த உறுப்பினர் சொன்னது பாதி உண்மை. தோற்றது அந்தக் காலத்து ஏற்பாடுதான். கைப்பேசியில் இணையம் பார்க்கும் எண்ணம் தோற்கவில்லை. இந்த வேறுபாடு உங்கள் முடிவுக்கு மிகவும் தேவைப்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா, அன்வயர்டு பிளானெட் ஆகிய நான்கு நிறுவனங்கள் 1997இல் கூடி வேப் நெறிமுறையை உருவாக்கத் தொடங்கின. 1999இல் நோக்கியா 7110 சந்தைக்கு வந்தது. சில வரிகள் மட்டுமே தெரியும் கறுப்பு வெள்ளைத் திரையில் செய்தித் தலைப்பும் பங்கு விலையும் பார்க்கலாம் என்பதே அன்று பெரிய வியப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கங்கள் வழக்கமான இணைய மொழியில் எழுதப்பட்டவை அல்ல. அவற்றுக்கென்று தனி மொழியில் புதிதாக எழுத வேண்டியிருந்ததால் பார்க்கத்தக்க தளங்கள் குறைவாகவே இருந்தன. அதைவிடப் பெரிய குறை கட்டணத்தில் இருந்தது. இணைப்பு ஒரு தொலைபேசி அழைப்பைப் போலவே ஏற்படுத்தப்பட்டது. வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். பக்கம் வந்து சேரும்வரை காத்திருந்த நேரத்திற்கும், வந்த பக்கத்தை நீங்கள் நிதானமாகப் படித்த நேரத்திற்கும் நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மெதுவாகப் படிப்பவருக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கும் ஒரு சேவையை மக்கள் விரும்பாததில் வியப்பில்லை.

அதே 1999இல், பிப்ரவரி மாதம், ஜப்பானில் என்டிடி டொகோமோ நிறுவனம் ஐ-மோடு என்னும் கைப்பேசி இணையச் சேவையைத் தொடங்கியது. அங்கும் திரை சிறியதுதான், வேகமும் அதே 9.6 கிலோபிட்தான். ஆயினும் அது பெருவெற்றி பெற்றது. தகவல் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பப்பட்டது. 128 பைட் கொண்ட ஒரு பொட்டலத்திற்கு 0.3 யென் என்று, வாங்கிய அளவுக்கு மட்டுமே கட்டணம். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தாலும் செலவு கூடாது. பக்கங்கள் வழக்கமான இணைய மொழியின் சுருக்க வடிவில் எழுதப்பட்டதால், தளம் நடத்தத் தெரிந்த எவரும் ஐ-மோடு பக்கத்தை எழுத முடிந்தது. உள்ளடக்கம் தருவோரின் கட்டணத்தையும் டொகோமோவே தொலைபேசிக் கட்டணத்துடன் சேர்த்து வாங்கி, 9 விழுக்காடு மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை அவர்களிடம் கொடுத்தது. சிறு வணிகர்கள் குவிந்ததற்கு அதுவே காரணம்.

சிங்கப்பூரின் கதை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1997இல் எம்1 நிறுவனம் வந்தபோது கைப்பேசிச் சேவையில் போட்டி பிறந்தது. 2000இல் ஸ்டார்ஹப் சேர்ந்தது. 2005இல் 3ஜி வந்தது. 2008 ஆகஸ்டில் சிங்டெல் வழியாக ஐபோன் வந்தது. மாதக் கட்டணத்திலேயே குறிப்பிட்ட அளவு டேட்டா அடங்கும் திட்டங்கள் பரவிய பிறகுதான், பேருந்து நேரம் பார்ப்பதற்குக்கூட மக்கள் கைப்பேசியை அச்சமின்றி எடுத்தார்கள். 2ஜி 2017இலும் 3ஜி 2024இலும் இங்கே விடைபெற்றுவிட்டன. எனவே உங்கள் உறுப்பினர்களின் கைகளில் இருப்பவை எல்லாம் குறைந்தது 4ஜி கைப்பேசிகளே; பழைய தடை எதுவும் அவர்களுக்கு இல்லை.

என் கருத்து, இணையத்தளமே. பயன்படுத்துபவருக்கு என்ன செலவாகும் என்பது முன்பே தெரிந்திருந்து, எதையும் புதிதாகக் கற்காமலும் நிறுவாமலும் திறக்க முடிந்த சேவைதான் அன்றும் வளர்ந்தது.

மறுமொழி 2: எழுத்துரு ஆர்வலர்

மேலே நண்பர் கட்டணத்தைப் பற்றி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். தமிழருக்கு இரண்டாவது தடை ஒன்று இருந்தது. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 மட்டுமே. அந்த எழுபதும் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல. ‘வணக்கம்’ என்பது நமக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் இரண்டு புள்ளிகளும் தனித்தனியாக இடம்பிடிப்பதால் ஏழு. ஆகவே ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் முடிவது தமிழில் இரண்டு மூன்று செய்திகளாக உடைந்தது, ஒவ்வொன்றுக்கும் காசு. அத்தகைய சூழலில்தான் முத்து நெடுமாறன் உருவாக்கிய, கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

எழுதுவது ஒருபுறமிருக்க, படிப்பதே போராட்டமாக இருந்த ஆண்டுகள் உண்டு. தமிழ்த் தளங்கள் கைப்பேசியில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்துரு இருந்த கைப்பேசிகளிலும் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடந்தது. அப்போது பலருக்கும் கைகொடுத்தது ஓப்பரா மினி உலாவி. அதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால், தமிழ் எழுத்துகளை வழங்கியிலேயே (சர்வரிலேயே) படமாக்கிச் சுருக்கி அனுப்பும். எழுத்துரு இல்லாத மலிவுக் கைப்பேசியிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும். ஐபோனில் தமிழ் விசைப்பலகையே 2013இல், ஐஓஎஸ் 7 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது.

இப்போது அந்தத் தொல்லைகள் நீங்கிவிட்டன. ஆனால் நாமே ஒரு புதிய தொல்லையை உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். நம் சங்கங்களின் அறிவிப்புகளைப் பாருங்கள்: அனைத்தும் சுவரொட்டிப் படங்கள். பின்னணியில் கோலம், மூலையில் குத்துவிளக்கு, நடுவே பொடி எழுத்தில் இடமும் நேரமும். அந்தத் தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. புளோக் எண்ணை நகலெடுத்து வரைபடத்தில் ஒட்ட முடியாது. பார்வை குறைந்த முதியவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காமல் திரைக்கு வெளியே ஓடிவிடும். திரையை வாசித்துக் காட்டும் வசதிக்கும் அதில் படிக்க ஒன்றும் இருக்காது. தேடுபொறியில் அது தமிழாகவே பதிவாவதில்லை. தமிழை எழுத்தாகக் காட்ட இத்தனை ஆண்டுகள் பாடுபட்டவர்கள் இருக்க, நாம் அதை மீண்டும் படமாக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நீங்கள் செயலியைத் தேர்ந்தாலும் தளத்தைத் தேர்ந்தாலும், அறிவிப்புகளை எழுத்தாகவே இடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மறுமொழி 3: துவாஸ் மேற்பார்வையாளர்

நான் சற்று மாறுபடுகிறேன். எங்கள் வேலைத்தளத்தில் பணிபுரியும் ஊழியர்களுக்குச் செயலி ஒன்றும் புதிதல்ல. மனிதவள அமைச்சின் செயலியிலிருந்து வங்கிச் செயலிவரை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். 2023 பிப்ரவரியில் பேநவ் பணப் பரிமாற்றச் சேவை இந்தியாவின் யூபிஐயுடன் இணைக்கப்பட்டபோது அவர்கள்தாம் எனக்கே விளக்கம் சொன்னார்கள். செயலியில் அறிவிப்பு தானாக வந்து சேரும். தளத்தை அவர்களே நினைவு வைத்துத் திறக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு அதை எதிர்பார்ப்பது நியாயமா?

இன்னொன்று, இணைப்புகளைத் தொட வேண்டாம் என்று காவல்துறையும் வங்கிகளும் அவர்களுக்கு ஓயாமல் சொல்லி வருகின்றன. 2022 தொடக்கத்தில் வங்கிகள் தங்கள் குறுஞ்செய்திகளில் இணைப்பு அனுப்புவதையே நிறுத்திக்கொண்டன. அப்படியிருக்க, “இதைத் தொட்டுப் பாருங்கள்” என்று சங்கம் ஓர் இணைப்பை அனுப்பினால் நல்ல பழக்கத்தை நாமே கெடுக்கிறோம்.

ஆயினும் செயலிக்கு எதிராக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பலருடைய கைப்பேசிகளில் இடமே இல்லை. ஊரிலிருந்து வரும் திருமணக் காணொளி, பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருப்பார்கள். ஏதாவது புதிதாக நிறுவ வேண்டுமென்றால் எதை அழிப்பது என்று தயங்குவார்கள். சங்கத்தின் செயலிக்காக மகளின் பிறந்தநாள் காணொளியை அழிக்கச் சொல்ல என்னால் இயலாது.

கேள்வி கேட்டவர்: உட்லண்ட்ஸ் தொண்டூழியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுவரொட்டிப் படம் பற்றிய குறிப்பைச் செயற்குழுவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். துவாஸ் நண்பர் எழுப்பிய இரண்டு கேள்விகளும் நியாயமானவை: தளம் வழியாக அறிவிப்பு அனுப்ப முடியுமா? மோசடி இணைப்பு அல்ல என்பதை உறுப்பினர்கள் எப்படி உறுதிசெய்துகொள்வார்கள்?

மறுமொழி 4: பழைய வலையமைப்பாளர்

அம்மா, முதல் கேள்விக்கு விடை, முடியும் என்பதே. ஆண்ட்ராய்டில் குரோம் உலாவி 2015 முதலே தளங்களின் அறிவிப்பை ஏற்கிறது. ஐபோனில் 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பு முதல் அந்த வசதி உண்டு. ஆனால் அங்கே உறுப்பினர் முதலில் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்திருக்க வேண்டும். அதை மூத்தோருக்கு ஒருமுறை கையைப் பிடித்துச் செய்து காட்ட வேண்டியிருக்கும். உங்கள் வகுப்பு நடக்கும் நாளிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முகப்பில் சேர்த்த பிறகு அது செயலியைப் போன்றே திறக்கும். முறையாக எழுதப்பட்ட தளம் கடைசியாகப் பார்த்த பக்கத்தை இணைப்பு இல்லாத இடத்திலும் காட்டும். இடமும் மிகக் குறைவாகவே பிடிக்கும்.

மோசடி பற்றிய அச்சத்தை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். துவாஸ் நண்பர் சொல்வது முற்றிலும் சரி. ஆகவே இணைப்பை அனுப்பாதீர்கள். குறுகிய, வாயால் சொன்னாலே நினைவில் நிற்கும் முகவரியாகத் தேர்ந்து, வகுப்பறைப் பலகையிலும் உறுப்பினர் அட்டையிலும் அச்சிட்டுவிடுங்கள். உறுப்பினர்களே தட்டச்சு செய்து திறக்கட்டும். ‘டாட் எஸ்ஜி’ என்று முடியும் முகவரிகளைப் பதிவுசெய்யும்போது பொறுப்பாளர் ஒருவர் சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளம் மூலம் தம்மை உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி இங்கே இருப்பதால், அந்த வகை முகவரியைப் பெறுவது கூடுதல் பாதுகாப்பு. அதோடு, தளத்தில் எந்தக் காரணத்திற்காகவும் அடையாள அட்டை எண்ணையோ வங்கி விவரத்தையோ கேட்பதில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதைக் கேட்டு ஏதேனும் பக்கம் வந்தால் அது நம்முடையதல்ல என்பது எல்லாருக்கும் விளங்கும்.

தளத்தை உருவாக்கித் தருபவரிடம் பேசும்போது இரண்டைக் கறாராகக் கேளுங்கள். முதல் பக்கம் மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் எப்படித் திறக்கிறது என்பதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். அவருடைய மடிக்கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட வேண்டாம். அடுத்தது, முகவரியும் கடவுச்சொற்களும் அவர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். செயற்குழு மாறும் ஆண்டில் பழைய தொண்டூழியரைத் தேடிப் போய்க் கடவுச்சொல் கேட்கும் நிலை வந்தால், வகுப்பு நேரம் மாறியதைக்கூடத் தளத்தில் திருத்த முடியாமல் போகும்.