பட்டாளத்துக் கல்லு மேல கிரானைட் ஒட்டாதீங்க

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஊர்ல இருந்து வந்த போட்டோவுல நம்ம பட்டாளத்துக் கல்லைச் சுத்தி சிமெண்ட் மூட்டையும் ஜல்லியும் கொட்டி வெச்சிருந்தத பாத்ததுல இருந்து மனசு சரியில்ல. விசாரிச்சா, திருவிழாவுக்குள்ள பழைய கல்லை மெஷின் போட்டு தேய்ச்சிட்டு மேல கருப்பு கிரானைட் ஒட்டி தங்க எழுத்துல எழுதப் போறாங்களாம், அதுக்குத்தான் நம்ம கிட்ட வசூலாம். பணம் தர எனக்கு கஷ்டம் இல்ல, ஆனா தேய்க்கிற வேலைக்கு ஒரு பைசா தர மாட்டேன், ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

சின்ன வயசுல அந்தக் கல்லு மேல ஏறி உக்காந்துக்கினு ஐஸ் சாப்பிட்டவங்கதான் நாம எல்லாரும். அதுல இருக்கிற இங்கிலீஷ் எழுத்தை எத்தன பேர் படிச்சிருப்போம்? இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் 1914-1919 பெரிய யுத்தத்துக்கு (முதல் உலகப் போர்தான்) போனாங்க, அதுல இத்தனை பேர் உயிரைக் கொடுத்தாங்க, அவ்ளோதான் வாசகம். யுத்தம் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் இதே மாதிரி கல்லை இந்தியா முழுக்க நெறைய ஊர்ல நட்டான். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல இருக்கிறதப் பாருங்க, வேலூரையே கிராமம்னு எழுதி 277 பேர் போனாங்க 14 பேர் செத்தாங்கன்னு இருக்கும். நம்ம கல்லுல போனவங்க கணக்கு வருஷா வருஷம் பூசின சுண்ணாம்புல அடைஞ்சு போச்சு, நான் போன தடவ வந்தப்போ ஈரத்துணியால தொடச்சு விரலால தடவிப் பாத்தேன், முதல் எழுத்து நேர்கோடா கைக்குத் தெரியுது, அடுத்தது வளைவா இருக்குது, அது 3ஆ 8ஆன்னு புரியல. மெஷின் வெச்சா அந்த வளைவும் போயிடும், அப்புறம் யார கேப்பீங்க?

அந்த யுத்தத்துக்கு மெட்ராஸ் மாகாணத்துல இருந்து மட்டும் ஏறக்குறைய 92 ஆயிரம் பேர் சேந்தாங்க, அதுல 41 ஆயிரம் பேர் துப்பாக்கி தூக்காம மூட்டை சுமக்கவும் சமைக்கவும் ரோடு போடவும் போனவங்க. சிப்பாய்க்கு மாசம் 11 ரூபா சம்பளம். நம்ம வடாற்காடு பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போறது அப்பவே பழக்கம், கம்மவான்பேட்டைய இன்னிக்கும் ராணுவப்பேட்டைன்னுதான சொல்றோம். பெங்களூர்ல இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற பட்டாளத்து இன்ஜினியர் படையில சேந்தவங்கள வெள்ளைக்கார ஆபீசருங்களே தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, அந்தப் பேர் இன்னிக்கு வரைக்கும் அங்க இருக்குது. அவங்க பாலம் கட்டவும் பாதை போடவும் போனது மெசபடோமியாவுக்கு, இன்னிக்கு ஈராக்.

நான் இருக்கிறது வட பிரான்ஸ். இங்க சின்னச் சின்ன ஊர்லயும் சர்ச் பக்கத்துலயோ பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடியோ ஒரு கல்லு நிக்கும், அதுல ஒவ்வொருத்தன் பேரும் இருக்கும், ஒரே குடும்பத்துப் பேர் மூணு தடவ நாலு தடவ வரும், படிக்கும்போதே வயிறு கலங்கும். இங்க இருந்து நவ் ஷாப்பேல் போனா 1927ல திறந்த இந்தியச் சிப்பாய்ங்க நினைவிடம் இருக்குது, வட்டமான மதில்ல 4,700 பேருக்கு மேல பேர் வெட்டியிருக்கான். ஆனா ஈராக்ல இருக்கிற பஸ்ரா நினைவுச் சுவர்ல கதையே வேற. அங்க கல்லறை கூட இல்லாம போன 40 ஆயிரத்துக்கும் மேல பேருக்காக எழுப்பினதுல, வெள்ளைக்காரனுக்குப் பேரு, இந்திய ஆபீசருக்குப் பேரு, நம்ம சாதாரண சிப்பாய்க்கு ரெஜிமெண்ட் பேருக்குக் கீழ வெறும் எண்ணிக்கை! 2021ல இந்த நினைவிடங்களப் பாத்துக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷனே விசாரிச்சு இது பாரபட்சம்னு ஒத்துக்கிச்சு, பிரிட்டிஷ் அரசு பார்லிமெண்ட்ல மன்னிப்பு கேட்டுச்சு. நூறு வருஷம் ஆச்சு அதுக்கு.

நம்ம ஊர்க் கல்லுலயும் எண்ணிக்கை மட்டும்தான். அதனாலதான் நான் சொல்றது, செலவு பண்றதா இருந்தா பேரைக் கண்டுபிடிக்க பண்ணுங்க. பஞ்சாப்காரங்களுக்கு ஊர் வாரியா எழுதின பதிவேடு லாகூர் மியூசியத்துல கிடைச்சு இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க, நாம வேற வழியில தேடணும். கமிஷன் வெப்சைட்ல செத்தவங்க விவரத்துல பல பேருக்கு அப்பா பேர், ஊர், தாலுகா, நார்த் ஆர்க்காட்னு இருக்குது. நம்ம ஊர் பேரை வெள்ளைக்காரன் எப்படி எழுதியிருப்பான்னு நாலஞ்சு விதமா ஸ்பெல்லிங் மாத்திப் போட்டுத் தேடணும், நான் ஆரம்பிச்சிட்டேன், ராத்திரி நேரம் இருக்கிறவங்க சொல்லுங்க, ரெஜிமெண்ட் வாரியா பிரிச்சுக்கலாம்.

உசுரோட திரும்பி வந்தவங்க பேரு அதுல கிடைக்காது, அதுக்கு வீட்டுலதான் தேடணும். எங்க ஆயா செத்தப்போ அவங்க டிரங்குப் பெட்டியில புடவைக்கு அடியில ஒரு பெரிய வெள்ளிக் காசு மாதிரி இருந்துச்சு, ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் துணியில்லாத ஆள் குதிரை மேல. காசுன்னு நெனச்சு உருக்கி கொலுசு பண்ண இருந்தாங்க. நைனா அதோட ஓரத்த வெளிச்சத்துல திருப்பினப்போதான் பொடி எழுத்துல நம்பரும் பேரும் வெட்டியிருந்தது தெரிஞ்சுது, அது ஆயாவோட அப்பா பேரு. அது காசு இல்ல, அந்த யுத்தத்துக்குப் போனவங்களுக்குக் குடுத்த பதக்கம். அந்தப் பதக்கம் வெள்ளியிலயும் இருக்கும், மூட்டை சுமந்தவங்களுக்கு வெண்கலத்துலயும் குடுத்தாங்க. தயவுசெஞ்சு உங்க ஆயா, பாட்டி பெட்டிய திறந்து பாருங்க, ஓரத்த போன் டார்ச்சுல போட்டோ எடுத்து அனுப்புங்க, துடைக்க புளியோ சாம்பலோ போடாதீங்க, எழுத்து தேஞ்சிடும்.

இன்னொன்னு, இத கோவிச்சுக்காம கேளுங்க. தேடறவங்க நம்ம தெருவுல மட்டும் கேட்டுட்டு வந்துடக் கூடாது. மெட்ராஸ் சாப்பர்ஸ், பாதை போடற பயனியர்ஸ் படையில எல்லாம் பறையர் சமூகத்து ஆளுங்க நெறைய பேர் இருந்தாங்க, இது பட்டாளத்து வரலாறு தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். கல்லுல இருக்கிற கணக்குல காலனிக்காரங்களும் சேத்திதான், ஆனா கல்லு நிக்கிறது ஊர்த் தெருவுல, ஆகஸ்ட் 15க்கு மாலை போடறதும் ஊர்க்காரங்கதான், அவங்க வீட்டுப் பெரியவங்கள நாம ஒரு தடவ கூட கூப்பிட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. இந்த தடவ முதல்ல அங்க போய் கேக்கணும், கமிட்டியில ரெண்டு பேர் அங்க இருந்து வரணும்.

கல்லுக்கு என்ன பண்ணலாம்னா, சுண்ணாம்ப தண்ணி விட்டு ஊற வெச்சு நார் பிரஷால மெதுவா எடுக்கணும், அவ்ளோதான், ஆசிட்டும் வேணாம் பெயிண்ட்டும் வேணாம். பேரு கிடைக்க கிடைக்க பக்கத்துல தனியா ஒரு பலகைக் கல்லு நட்டு தமிழ்ல வெட்டுவோம், சாகாம வந்தவங்களும் அதுல இருக்கணும், மூட்டை சுமந்தவங்களும்.

அதுக்கு என் பங்கு 300 யூரோ, இன்னிக்கே அனுப்புறேன். ஊர்ல இருக்கிற யாராச்சும் நாளைக்குக் காலையில கான்ட்ராக்டர் கிட்ட போய் மெஷின இறக்க வேணாம்னு சொல்லிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க, எந்த நேரமானாலும் எடுப்பேன்.