விலைக்கு வாங்கிய தீமில் நேரடியாகத் திருத்தங்கள் செய்துவிட்டேன். இனி அப்டேட் செய்வது எப்படி?

கேள்வி: ஈரோட்டு வடிவமைப்பாளர்

வணக்கம். இங்குள்ள ஒரு கைத்தறிக் கடைக்கு எட்டு மாதங்களுக்கு முன் வேர்ட்பிரஸ் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்களை விற்கும் தீம்ஃபாரஸ்ட் சந்தையில் வாங்கிய ஆயத்தத் தீமை (இரண்டாம் வேற்றுமையில் இந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது) எடுத்து, தலைப்பகுதி, வூகாமர்ஸ் (இணையக் கடை நீட்சி) பொருள் பக்கம், தீமின் செயல்பாட்டு நிரல் உள்ள ஃபங்ஷன்ஸ் கோப்பு ஆகிய அனைத்திலும் நேரடியாகவே மாற்றங்களைச் செய்துவிட்டேன். இப்போது பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரிசெய்யும் அப்டேட் வந்திருக்கிறது. அதை ஏற்றினால் என் திருத்தங்கள் முழுவதும் அழிந்துவிடும். இதற்கிடையே, தலைப்புகள் எல்லாம் தமிழில் வேண்டும் என்கிறார் கடைக்காரர். போட்டுப் பார்த்தால் இகர ஈகாரக் கொக்கிகள் மேலே வெட்டுப்படுகின்றன. அவருடைய தம்பியின் கடைக்கும் இதே தீம் வேண்டுமாம். வாங்கியதையே பயன்படுத்தலாமா?

பதில் 1: பழைய நிரலர்

முதலில் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் பேக்கப் எடுத்துக்கொண்டு, வேலை முழுவதையும் ஸ்டேஜிங் தளத்தில் (சோதனைக்கான நகல் தளம்) செய்யுங்கள். எட்டு மாதத்துக்கு முந்தைய திருத்தங்கள் நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். நீங்கள் நிறுவிய அதே பதிப்பின் மூலக் கோப்புகளை மீண்டும் தரவிறக்கி, வின்மெர்ஜ் போன்ற கருவியில் உங்கள் கோப்புறையோடு ஒப்பிட்டால், நீங்கள் தொட்ட ஒவ்வொரு வரியும் தெரிந்துவிடும்.

பிறகு சைல்டு தீம் (வாங்கிய தாய்த் தீமைச் சார்ந்து, உங்கள் மாற்றங்களை மட்டும் தாங்கும் துணைத் தீம்) ஒன்றை உருவாக்கி, அந்த வேறுபாடுகளை மட்டும் அதற்கு மாற்றுங்கள். டெம்ப்ளேட் (பக்க அமைப்பு) கோப்புகளை அதே பெயரில் வைத்தால் போதும். தாய்த் தீமில் உள்ளதை விட்டுவிட்டு வேர்ட்பிரஸ் இதையே எடுத்துக்கொள்ளும். ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் அப்படியல்ல: சைல்டு தீமின் கோப்பு முதலிலும் தாயின் கோப்பு அதன் பின்னும் என இரண்டுமே இயங்கும். ஆகவே முழுக் கோப்பையும் நகலெடுத்தால், ஒரே ஃபங்ஷன் இருமுறை அறிவிக்கப்பட்டுத் தளமே நின்றுபோகலாம். நீங்கள் எழுதிய வரிகளை மட்டும் அதில் சேருங்கள்.

தம்பியின் கடைக்குப் புதிதாக லைசென்ஸ் வாங்க வேண்டும். தீம்ஃபாரஸ்ட்டின் ரெகுலர் லைசென்ஸ் ஒரு தளத்துக்கு மட்டுமே செல்லும். அந்தத் தொகையை மதிப்பீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

பதில் 2: கோவை வலைப்பணி

மேலே சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றும் பக்கம்) செய்த அமைப்புகளையும், அங்கே ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ (தோற்ற விதிகள்) பெட்டியில் எழுதியவற்றையும் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தீமின் பெயரிலும் தனித்தனியாகச் சேமிக்கிறது. எனவே சைல்டு தீமை இயக்கிய உடனே லோகோவும் மெனு இடங்களும் காணாமல் போனதுபோல் தோன்றக்கூடும். அவை அழிவதில்லை, தாய்த் தீமின் பெயரில் அப்படியே இருக்கும், அங்கிருந்து மீண்டும் பதிய வேண்டும். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்து திகைத்துப்போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நகலெடுத்த வூகாமர்ஸ் டெம்ப்ளேட்டுகள் தாமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. வூகாமர்ஸின் நிலைப் பக்கத்தில் காலாவதியான நகல்கள் பட்டியலாக வரும். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் அதைப் பாருங்கள். சிஎஸ்எஸ் மூலமோ ஹூக் (நம் நிரலை இணைக்கத் தரப்பட்டிருக்கும் இடம்) மூலமோ முடியக்கூடிய மாற்றத்துக்கு டெம்ப்ளேட்டை நகலெடுக்காமலிருப்பதே நல்லது.

பதில் 3: எழுத்துருப் பித்தன்

தமிழ்த் தலைப்புகள் வெட்டுப்படுவதற்குக் காரணம், தீமின் அளவுகள் லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருப்பதே. தலைப்பின் வரி உயரம் 1.1 அல்லது 1.2 என்று இருக்கும், அதை 1.5 அளவுக்கு உயர்த்தி, மிகுதியை மறைக்கும் ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ விதி இருந்தால் நீக்குங்கள். எழுத்து இடைவெளியைச் சுழியமாக்குங்கள்; லத்தீன் பெரிய எழுத்துகளுக்கு அழகூட்டும் அந்த இடைவெளி தமிழ்ச் சொற்களைச் சிதறடித்துவிடும்.

எழுத்துருவையும் பாருங்கள். பல தீம்களில் உள்ள பாப்பின்ஸ் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் ஒன்றை 700 எடையுடன் (தடித்த வடிவம்) சேர்த்து ஏற்றுங்கள். சாதாரண வடிவமான 400 எடை மட்டும் இருந்தால் உலாவி தானே போலியாகத் தடிப்பேற்றும். ‘ண’வின் சுழிகள் அடைந்துபோகும். கைபேசியில் ‘வாடிக்கையாளர்களுக்கான’ போன்ற சொல் திரைக்கு வெளியே ஓடுகிறதா என்பதையும் சோதியுங்கள்.

ஈரோட்டு வடிவமைப்பாளர்

மூவருக்கும் நன்றி. ஒப்பிட்டுப் பார்த்ததில் 11 கோப்புகளைத் தொட்டிருக்கிறேன். அவற்றில் நான்கில் வண்ணத்தை மட்டுமே மாற்றியிருந்தேன். அவற்றை சிஎஸ்எஸ்ஸுக்குக் கொண்டுபோய்விட்டேன். மீதி ஏழும் ஸ்டேஜிங்கில் சைல்டு தீமுக்கு மாறிவிட்டன; கடைக்காரர் பார்த்து ஒப்புக்கொண்டதும் அப்டேட்டை ஏற்றுகிறேன்.