கோஸ்ட்–ஃபைட்டிங் இணையைத் தாங்க எதுவுமே இல்லை என்று இன்னும் எத்தனை காலம் எழுதப் போகிறார்கள்?

ஈட்டிமுனை:
போக்கிமான் விளையாட்டில் புதிதாகக் குழு அமைப்பவர்களுக்கென ஒருவர் எழுதிய வழிகாட்டியைப் படித்தேன். போக்கிமானுக்கும் தாக்குதலுக்கும் வகை உண்டு, எந்த வகை எதை அடிக்கிறது என்பதைப் பொறுத்துச் சேதம் கூடும், குறையும். கோஸ்ட் வகைத் தாக்குதல் ஒன்றும் ஃபைட்டிங் வகைத் தாக்குதல் ஒன்றும் கைவசம் இருந்தால், எதிரில் வரும் எந்தப் போக்கிமானும் அவ்விரண்டையும் சேர்த்துத் தாங்காது, அதாவது இரண்டில் ஒன்றாவது குறையாத சேதம் தரும் என்று அதில் அடித்துச் சொல்லியிருக்கிறார். 2021 வரை இது சரியான பேச்சு. 2022 ஜனவரியில் லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் விளையாட்டு வெளிவந்தபோது ஹிசுயி ஸோரோவார்க் என்ற போக்கிமானும் வந்தது. அது நார்மல், கோஸ்ட் என இரட்டை வகை கொண்டது. நார்மல் வகையைக் கோஸ்ட் தாக்குதல் தொடாது. கோஸ்ட் வகையை ஃபைட்டிங் தாக்குதல் தொடாது. இரண்டு தாக்குதலுக்கும் சேதம் பூஜ்யம். இவ்வளவு வெளிப்படையான ஒன்றைக்கூடப் பார்க்காமல் புதியவர்களுக்கு வழிகாட்டுவது எனக்கு எரிச்சலை ஊட்டுகிறது.

நிழற்படை:
அந்த வழிகாட்டியை எழுதியவன் நான்தான் என்று தெரிந்துகொண்டே 'ஒருவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், பதில் சொல்லத் தயங்குகிறவன் அல்ல நான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 18 வகைகள். ஒற்றை வகை 18, இரட்டை வகைக்கான வாய்ப்பு 153, ஆக 171. கோஸ்ட் தாக்குதலைத் தடுப்பவை நார்மலும் டார்க்கும் மட்டுமே. அவ்விரண்டையும் ஃபைட்டிங் இரட்டிப்பாக அடிக்கிறது. ஃபைட்டிங் தொடாத கோஸ்ட் வகையைக் கோஸ்ட் தாக்குதலே இரட்டிப்பாக அடிக்கிறது. டார்க்கும் ஃபேரியும் சேர்ந்த கிரிம்ஸ்னார்ல், டார்க்கும் சைக்கிக்கும் சேர்ந்த மாலமார் ஆகியவைகூட ஃபைட்டிங்கிடம் முழுச் சேதம் வாங்குகின்றன. சேபிளை டார்க்கும் கோஸ்ட்டும் சேர்ந்தது. கோஸ்ட் தாக்குதல் அதன்மேல் குறைவில்லாமல் விழுகிறது. 171-இல் தப்பிப்பது நார்மல்–கோஸ்ட் ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக வழிகாட்டியையே குப்பை என்கிறீர்களா?

ஈட்டிமுனை:
ஒன்று இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வழிகாட்டியில் அந்த ஒன்று எங்கே? 171 என்ற எண்ணைக் காட்டிப் பயனில்லை, ஏனென்றால் எதிராளி 171 வகைகளிலிருந்து சீட்டுக் குலுக்கிக் குழுவை அமைப்பதில்லை. உங்கள் குழுவைப் பார்த்து, எது உங்களைத் திணறடிக்குமோ அதைத்தான் இறக்குவார். அந்த ஒன்றும் சோம்பேறிப் போக்கிமான் அல்ல. ஹிசுயி ஸோரோவார்க்கின் அடிப்படை வேகம் 110, சிறப்புத் தாக்குதல் 125. உங்கள் வழிகாட்டி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும், கோஸ்ட்டும் ஃபைட்டிங்கும் சேர்ந்த அனைஹிலேப்பின் வேகம் 90. வேகத்தில் தோற்று, இரண்டு தாக்குதலும் பலிக்காமல், உங்கள் போக்கிமான் அங்கே நின்று என்ன செய்யும்? அத்துடன் அதன் திறன் இல்யூஷன், அதாவது குழுவில் கடைசியாக நிற்கும் வேறொரு போக்கிமானின் உருவில் அது களத்தில் இறங்கும். யாரென்று தெரியாமல் ஃபைட்டிங் தாக்குதலைத் தேர்ந்து ஒரு முறையை வீணடித்த பிறகுதான் உங்களுக்கு உண்மை தெரியவரும்.

மண்காவலன்:
இருவரும் ஸோரோவார்க்கைச் சுற்றியே வருகிறீர்கள். இரட்டிப்புச் சேதம் எத்தனை வகைகள்மேல் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கிரவுண்ட் தாக்குதல் ஃபயர், எலெக்ட்ரிக், பாய்சன், ராக், ஸ்டீல் ஆகிய ஐந்தையும், ஐஸ் தாக்குதல் கிராஸ், கிரவுண்ட், ஃப்ளையிங், டிராகன் ஆகிய நான்கையும் இரட்டிப்பாக அடிக்கின்றன. 18-இல் ஒன்பது, அதாவது சரிபாதி. கோஸ்ட்டும் ஃபைட்டிங்கும் சேர்ந்தால் ஏழுதான். அடிபடாதவர் யார் என்று தேடுவதைவிட, ஓர் அடியில் வீழ்பவர் யார் என்று பார்ப்பதே குழு அமைப்பவரின் வேலை. மேமோஸ்வைன் இவ்விரண்டு வகையையும் தன் சொந்த வகையாகக் கொண்டிருப்பதால் இரண்டு தாக்குதலுக்கும் ஒன்றரை மடங்கு பலம் கிடைக்கிறது. கார்சோம்ப், கிளைஸ்கோர், டிராகனைட் போன்றவற்றின்மேல் ஐஸ் நான்கு மடங்காக விழுகிறது.

நிழற்படை:
வாஷ் ரோட்டம் வந்து நின்றால் உங்கள் மேமோஸ்வைன் என்ன செய்யும்? லெவிடேட் திறன் இருப்பதால் கிரவுண்ட் தொடாது. வாட்டர் வகையும் உள்ளதால் ஐஸ் பாதியாகக் குறையும். கோலிசோபாட்டும் அரக்வானிடும் பக், வாட்டர் வகையினவாக இருப்பதால் எந்தத் திறனின் உதவியும் இல்லாமலே உங்கள் இரண்டு தாக்குதலையும் பாதியாக்கிவிடுகின்றன. என் இணையைத் தாங்குவது ஒன்றே ஒன்று. அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் ஒன்பது, ஏழு என்று எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஈட்டிமுனை:
அந்த ஒன்றே ஒன்றைத்தான் வழிகாட்டியில் எழுதவில்லை என்கிறேன்.

கற்பவள்:
நான் இப்போதுதான் குழு அமைக்கப் பழகுகிறேன். வலிமையான இணை என்று நீங்கள் சொல்வது எதை? தாங்குபவர் மிகக் குறைவாக இருப்பதையா, இரட்டிப்பாக அடிபடுபவர் மிக அதிகமாக இருப்பதையா, அல்லது ஒரே போக்கிமானுக்கு இரண்டுமே சொந்த வகையாக அமைவதையா? இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைப் பின்தொடர எனக்கு எளிதாக இருக்கும்.

மின்கோவை:
ஐஸ் வகைத் தாக்குதலான ஐஸ்பீமும் எலெக்ட்ரிக் வகைத் தாக்குதலான தண்டர்போல்ட்டும் சேர்ந்த இணையை யாரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1996-இல் வந்த முதல் விளையாட்டிலேயே தாக்குதலைக் கற்பிக்கும் டிஎம்களில் 13-ஆவதும் 24-ஆவதும் இவைதான். ஸ்டார்மி போன்றவை இரண்டையும் கற்றன. 1999-இல் ஸ்டீல் வகை வந்து மேக்னட்டானோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் இந்த இணைக்கு ஒரு தடை வந்தது. இன்றும் வகையை மட்டும் வைத்து இரண்டையும் தாங்குபவை மேக்னஸோன் குடும்பம், ஃப்ராஸ்ட் ரோட்டம், ஆர்க்டோஸோல்ட் என்று சிலவே. இவ்வளவு காலம் நிலைத்த இணையை ஒதுக்கிவிட்டு நேற்று வந்த அனைஹிலேப்பைக் கொண்டாடுவது முறையல்ல.

ஈட்டிமுனை:
லான்டர்னை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் 1999-இல் வந்ததுதான். பட்டியல் கொடுப்பவர்கள் எல்லோருமே தங்களுக்குப் பிடிக்காத பெயரைத் தாண்டிச் செல்கிறீர்கள்.

மின்கோவை:
வகைப்பட்டியலைச் சரியாகப் பாருங்கள். லான்டர்ன் வாட்டரும் எலெக்ட்ரிக்கும் சேர்ந்தது. எலெக்ட்ரிக் தாக்குதல் வாட்டர்மேல் இரட்டிப்பாகிறது, எலெக்ட்ரிக்மேல் பாதியாகிறது, ஆக முழுச் சேதம் விழுகிறது. எலெக்ட்ரிக் தாக்குதலை உறிஞ்சும் வோல்ட் அப்சார்ப் திறன் இருந்தால் மட்டுமே அது தப்பிக்கும். திறன்கள் என்பவையே 2002-இல் மூன்றாம் தலைமுறை விளையாட்டுகளோடு வந்தவை, 1999-இல் அவை கிடையாது. எல்லா லான்டர்னுக்கும் அந்தத் திறன் இருப்பதும் இல்லை.

ஈட்டிமுனை:
களத்தில் நிற்கும் லான்டர்னுக்கு வோல்ட் அப்சார்ப்தான் இருக்கும், ஏனென்றால் விவரம் தெரிந்தவர் எவரும் வேண்டுமென்றே அதன் இன்னொரு திறனான இல்லுமினேட்டை எடுத்துக்கொண்டு வருவதில்லை. தண்டர்போல்ட்டை விழுங்கி உடல்நலத்தைக் கூட்டிக்கொள்ளும் ஒரு போக்கிமானைப் பார்த்து, வகைப்பட்டியலில் இது முழுச் சேதம் என்று ஆறுதல் கொள்ள முடியுமா? ஆட்டத்தில் என்ன நடக்கிறதோ அதுதான் கணக்கு.

நிழற்படை:
இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். திறனும் கணக்கில் சேரும் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் ஸ்க்ராப்பி திறனும் கணக்கில் சேரும். அந்தத் திறன் உள்ள போக்கிமானின் ஃபைட்டிங் தாக்குதல் கோஸ்ட் வகையையும் தொடும். உங்கள் ஸோரோவார்க் நார்மலும் ஆகையால் இரட்டிப்புச் சேதத்தோடு விழும். சர்ஃபெட்ச்டுக்கும் ஹிசுயி டெசிடுஐக்கும் மறைதிறனாக அது இருக்கிறது. லான்டர்னுக்கு ஒரு நீதி, ஸோரோவார்க்குக்கு வேறொரு நீதி என்று வைத்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

ஈட்டிமுனை:
ஸ்க்ராப்பி இருந்தால் ஃபைட்டிங் தாக்குதலே கோஸ்ட் வகையை அடித்துவிடும். பிறகு துணைக்குக் கோஸ்ட் தாக்குதல் எதற்கு? அப்போது ஜெயிப்பது அந்தத் திறனேயன்றி உங்கள் இணை அல்ல. உங்கள் வழிகாட்டி ஸ்க்ராப்பியைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. அனைஹிலேப்புக்கு அந்தத் திறனும் இல்லை. லான்டர்ன் தற்காக்கிறது, தன் திறனைத் தானே கொண்டுவருகிறது. தாக்குபவர் திறனைத் தேடி வேறு போக்கிமானுக்குத் தாவ வேண்டியிருந்தால் வழிகாட்டி சொன்ன இணை அங்கேயே தோற்றுவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

நிழற்படை:
உங்களுக்கு இந்த இணைமேல் ஏன் இவ்வளவு கோபம் என்பது இங்குள்ள பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். நம் குழுப் போட்டியின் அரையிறுதியில் கோஸ்ட் போக்கிமானான கெங்கரை வைத்துக்கொண்டு, ஃபைட்டிங் தாக்குதலான ஃபோகஸ் பிளாஸ்ட்டை நம்பினீர்கள். அது தவறியது, தோற்றீர்கள். அன்றிலிருந்து இந்த இணையைப் பற்றி யார் நல்ல வார்த்தை எழுதினாலும் ஸோரோவார்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள்.

ஈட்டிமுனை:
அரையிறுதியை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. ஃபோகஸ் பிளாஸ்ட்டின் பலம் 120, துல்லியம் 70 விழுக்காடு. சிறப்புத் தாக்குதலை நம்பும் கோஸ்ட் போக்கிமான்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபைட்டிங் பக்கம் கிடைப்பது அந்த ஒன்றுதான். தவறவே தவறாத ஃபைட்டிங் தாக்குதலான ஆரா ஸ்பியர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வகைப்பட்டியலில் நூற்றுக்கு நூறு வாங்கும் இணை, கையில் எடுக்கும்போது பத்தில் மூன்று முறை காற்றை அடிக்கிறது. இந்த உண்மையையும் உங்கள் வழிகாட்டி சொல்லவில்லை. நான் தோற்றது உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது என்றால் மகிழ்ந்துகொள்ளுங்கள். அந்தத் தோல்வியில் ஹிசுயி ஸோரோவார்க்கின் வகை மாறிவிடவில்லை.

மண்காவலன்:
துல்லியம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், கிரவுண்ட் தாக்குதலான எர்த்குவேக்கின் பலமும் 100, துல்லியமும் 100. நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மின்கோவை:
தண்டர்போல்ட்டும் ஐஸ்பீமும் துல்லியத்தில் 100-தான். ஆறாம் தலைமுறையில் இரண்டின் பலமும் 95-இலிருந்து 90 ஆகக் குறைந்ததே தவிர, குறி தவறியதில்லை. லான்டர்ன் பற்றி நான் சொன்னதற்கு ஈட்டிமுனை இன்னும் நேரான பதில் தரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

நிழற்படை:
அனைஹிலேப் ஃபோகஸ் பிளாஸ்ட்டை நம்பி வாழ்வதில்லை. அதன் கோஸ்ட் தாக்குதலான ரேஜ் ஃபிஸ்ட் 50 பலத்தில் தொடங்கி, அது வாங்கும் ஒவ்வோர் அடிக்கும் 50 கூடி 350 வரை ஏறுகிறது. ஃபைட்டிங் தாக்குதலான டிரெயின் பஞ்ச், கொடுத்த சேதத்தில் பாதியை உடல்நலமாகத் திருப்பித் தருகிறது. இரண்டுக்கும் துல்லியம் 100, இரண்டும் சொந்த வகை. ஸோரோவார்க்கின் உடல்நலம் 55, இரு தற்காப்பும் 60. மூன்றாம் இடத்தில் எந்த வகைத் தாக்குதலை வைத்தாலும் அது சாய்ந்துவிடும். ஒவ்வொரு போக்கிமானுக்கும் நான்கு தாக்குதல் இடங்கள் இருக்கின்றன என்பதை ஈட்டிமுனை மறந்துவிட்டாரா?

ஈட்டிமுனை:
மறக்கவில்லை. நார்மல்–கோஸ்ட் வகைக்கு ஒரே பலவீனம் டார்க் என்பதும், பாய்சனும் பக்கும் அதன்மேல் பாதியாகவே விழும் என்பதும், அதனால் 'எந்த வகைத் தாக்குதலை வைத்தாலும்' என்று நீங்கள் எழுதியது தவறு என்பதும் எனக்குத் தெரியும். இவற்றை எழுதுவதற்குத்தான் வழிகாட்டி. புதிதாக வருபவர் உங்கள் சொல்லை நம்பி மற்ற இரண்டு இடங்களையும் பல்க் அப், டாண்ட் என்று சேதம் தராதவற்றால் நிரப்பிக்கொண்டு போய், ஸோரோவார்க் முன்னால் அடிக்க வழியின்றி நிற்பார். மூன்றாம் தாக்குதல் வேண்டும் என்றால் இரண்டு போதாது என்று பொருள். இரண்டு போதும் என்றால் ஸோரோவார்க்கை எப்படி அடிப்பீர்கள் என்று காட்டுங்கள்.

கற்பவள்:
அப்படியானால் அனைஹிலேப்புக்கு மூன்றாவதாக எதை வைக்கலாம்? நான் மேலே கேட்டிருந்ததற்கும் யாரேனும் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

நிழற்படை:
வழிகாட்டியில் ஒரு வரியும் மாறாது. 171-இல் 170-ஐ அடிக்கும் இணை வேறு எதுவாவது இருந்தால் ஈட்டிமுனை கொண்டுவரட்டும், பேசுவோம்.

ஈட்டிமுனை:
170 என்று எழுதிவிட்டீர்கள் அல்லவா, அதே எண்ணை வழிகாட்டியிலும் எழுதுங்கள். மண்காவலனுக்கும் மின்கோவைக்கும் தனித்தனியே பதில் தருகிறேன், லான்டர்ன் உட்பட.