டைவர்ட்டர் சுவருக்குள் ஆழமாகப் போய்விட்டது: உடைக்க வேண்டுமா?

புதுமனை:
வணக்கம். குளியலறைச் சுவரில் கன்சீல்டு டைவர்ட்டரின் (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும், சுவருக்குள் புதைக்கும் வால்வு) உடற்பகுதியைப் பிளம்பர் பதித்து முடித்த பிறகு, நாங்கள் டைல்ஸை மாற்றிவிட்டோம். வெளித்தகடும் கைப்பிடியும் இனி உட்காரா என்று டைல்ஸ் ஒட்டுபவர் சொல்கிறார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பிளம்பர் சாதிக்கிறார். நாளை மறுநாள் ஒட்டத் தொடங்குகிறார்கள். உடைக்க வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அளவுகோல்:
அளவே சொல்லாமல் அளவுப் பிரச்சினையைக் கேட்டிருக்கிறீர்கள். பழைய டைல்ஸின் தடிமன் என்ன, புதியதன் தடிமன் என்ன, பசையில் ஒட்டுகிறார்களா சிமென்ட் கலவையிலா, சுவர்ப்பூச்சு முடிந்துவிட்டதா?

தூக்குக்குண்டு:
என் அனுபவத்தில் இதற்குக் காரணம் டைவர்ட்டரும் அன்று, டைல்ஸும் அன்று. சுவர் நேராக இல்லாததே. மேலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நடுவில் சுவர் வயிறு தள்ளி நிற்பது தெரியும்.

நீரோட்டம்:
அது இருக்கட்டும். ஷவர் என்ன அளவு, அதற்கு எவ்வளவு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது? 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும், 2.5 மீட்டர் என்றால் கால் பார். அகலமான மழை ஷவர் அதில் பொழியாது, சொட்டும். குழாயைக் கிடைமட்டமாக எவ்வளவு நீட்டினாலும் அழுத்தம் கூடாது, உராய்வில் குறையத்தான் செய்யும்.

மூத்தவன்:
இதே கேள்வியை எத்தனை முறைதான் படிப்பது! குழாய்ப் பொருள்களையும் டைல்ஸையும் தேர்ந்தெடுத்து, பெட்டியோடு வீட்டில் இறக்கிய பிறகுதான் சுவரை வெட்ட வேண்டும் என்பது கட்டடம் கட்டும் எவருக்கும் முதல் நாளே தெரிய வேண்டிய பாடம். டைவர்ட்டரோடு வந்த தாளைப் பிரித்தாவது பார்த்தீர்களா? பெரும்பாலான உடற்பகுதிகளின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஒட்டி முடித்த டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் இடையில் வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

புதுமனை:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். பழையது 8 மி.மீ., பசையில் ஒட்டுவதாக இருந்தது. புதியது 12 மி.மீ. விட்ரிஃபைடு, கலவையில் ஒட்டுவதாகச் சொல்கிறார். பூச்சு முடிந்துவிட்டது. ஷவர் 12 அங்குலம், எல்லாம் மேட் பிளாக். தொட்டி மாடியில்தான் இருக்கிறது.

அளவுகோல்:
இப்போது கணக்குப் போடலாம். பசை 4 மி.மீ. என்று கொண்டால் முன்பு 12 மி.மீ.; இப்போது கலவை 18 மி.மீ. என்று கொண்டால் மொத்தம் 30 மி.மீ. ஆக, 18 மி.மீ. கூடுதலாக உள்ளே போகிறது. அந்த 18-இல் 4 மட்டுமே டைல்ஸால் வந்தது, மீதி 14-உம் கலவையால் வந்தது என்பதைக் கவனியுங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதால் வெறும் சிமென்ட் கலவை அதைச் சரியாகப் பிடிக்காது. எப்படியும் பசையில்தான் ஒட்ட வேண்டும். பசைக்கு மாறினால் வித்தியாசம் 4 மி.மீ.; பெரும்பாலும் அந்த இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் பசையால் சுவரின் கோணலை நிரவ முடியாது, எனவே தூக்குக்குண்டு சொன்னதையும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் ஆழம் மிஞ்சினால், அந்த மாடலுக்கு எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் துண்டு) கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். எல்லா மாடலுக்கும் வருவதில்லை. உடைப்பது கடைசி வழி.

கறைவிரோதி:
ஆழத்தை விடுங்கள், மேட் பிளாக் என்கிறீர்களே! உப்புத் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். குரோமுக்கு மாற்றிவிடுங்கள்.

கறுப்பன்:
குரோமில் மட்டும் கறை படியாதா என்ன? படியும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்கள் வீட்டுக் கறுப்புக் குழாயைக் குளித்து முடித்ததும் துணியால் துடைக்கிறோம்; புதிதாகத்தான் இருக்கிறது.

கறைவிரோதி:
தினமும் குழாய் துடைப்பதற்காகவா ஒருவர் வீடு கட்டுகிறார்?

மூத்தவன்:
இருவரும் நிறத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பேச வேண்டியது மேற்பூச்சின் வகையைப் பற்றி. வண்ணப்பொடி பூசிச் சுட்ட கறுப்பு வேறு, பி.வி.டி. முறையில் (வெற்றிடத்தில் உலோக ஆவியைப் படியவைத்து) ஏற்றிய கறுப்பு வேறு. பின்னது கீறலை நன்றாகத் தாங்கும். எதுவானாலும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தைக் குழாயில் ஊற்றாதீர்கள் என்று நான் சொல்லி யார் கேட்கப் போகிறீர்கள்?

நீரோட்டம்:
டைல்ஸ் ஏறுவதற்கு முன் வழிகளை அடைத்து, பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்தார்களா என்பதையும் கேளுங்கள். கசிவு இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம்.

புதுமனை:
அனைவருக்கும் நன்றி. பசைக்கு மாறிவிட்டோம். சுவர் ஒரு மூலையில் 5 மி.மீ. சாய்ந்திருந்தது, பூச்சைத் தேய்த்துச் சரி செய்தார்கள். டைல்ஸின் முகம் அதிக ஆழக் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்கிறது, வெளித்தகடு உட்கார்ந்துவிட்டது. சோதனையில் கசிவு இல்லை. நிறம் கறுப்பேதான்.

நீரோட்டம்:
மகிழ்ச்சி. மாடியில்தான் தொட்டி என்றீர்களே, ஷவருக்கு மேலே எத்தனை மீட்டர்?