தன்னொளித் திரை, பின்னொளித் திரை: ஓ.எல்.இ.டி., எல்.சி.டி. டிவிகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் சொல்லாக்கக் குழுவில் தஞ்சாவூர் நண்பர் கேட்டது எளிய கேள்வி. நுகர்வோருக்காக அவர் எழுதும் கையேட்டில் ‘லட்ச ரூபாய் ஓ.எல்.இ.டி.யா, இருபத்தைந்தாயிரம் ரூபாய் எல்.சி.டி.யா’ என்று ஒரு பகுதி வருகிறது. இவற்றுக்குத் தமிழில் என்ன போடலாம் என்றார். வந்த மடல்களில் பாதி, ‘டயோடு’க்கு இருமுனையமா இருவாயியா என்ற வழக்கிலேயே தங்கிவிட்டன. டிவி வாங்கப் போகிறவருக்கு அதில் எது வென்றாலும் பயனில்லை. கையிலிருப்பது பல மாதம் சேர்த்த பணம். ஒரு டிவிக்கு மட்டும் ஏன் நான்கு மடங்கு விலை என்பது, பெயரைப் படித்ததும் கொஞ்சமாவது அவருக்கு விளங்க வேண்டும். அதனால் என் பரிந்துரையை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: ஓ.எல்.இ.டி. டிவிக்குத் ‘தன்னொளித் திரை’, எல்.சி.டி. டிவிக்குப் ‘பின்னொளித் திரை’. மடல்களில் வந்த மறுப்புகளை எடுத்துக்காட்டி ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘கரிம ஒளியுமிழ் இருமுனையம்’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, ஓ.எல்.இ.டி.யின் விரிவான ‘ஆர்கானிக் லைட் எமிட்டிங் டயோடு’க்கு நேர் தமிழ் அது, பாடநூலில் அப்படியே இருக்கட்டும். ஆனால் அது திரைக்குள் இருக்கும் ஓர் உறுப்பின் பெயர். திரையின் பெயராக அதை நீட்டினால் ‘கரிம ஒளியுமிழ் இருமுனையத் தொலைக்காட்சி’ என்று ஆகிறது. கடையில் நின்று யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை. பேச்சில் எப்படியும் சுருங்கும். சுருங்கினால் மிஞ்சுவது ‘கரிமத் திரை’. அங்கேதான் சிக்கல்.

1987இல் ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் மிக மெல்லிய கரிமச் சேர்மப் படலங்களில் குறைந்த மின்னழுத்தத்திலேயே நல்ல ஒளி பெறலாம் என்று வெளியிட்டார்கள். ‘கரிம’ என்ற அடை அந்தப் படலங்களைக் குறிக்கிறது. சரி, எல்.சி.டி.யில் இருக்கும் நீர்மப் படிகம் (லிக்விட் கிரிஸ்டல்) எதனால் ஆனது? அதுவும் கரிமச் சேர்மம்தான். 1888இல் பிராக் நகரில் தாவரவியலர் ரைனிட்சர் ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை இருப்பதைக் கண்டு திகைத்தாரே, நீர்மப் படிகத்தின் கதை தொடங்கிய அந்தக் கொலஸ்டிரில் பென்சோயேட் கரிமச் சேர்மம். 1977இல் பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவர் குழுவினரும் வட்டு வடிவ மூலக்கூறுகளிலும் நீர்மப் படிக நிலை உண்டு என்று காட்டினார்கள். அவையும் பென்சீன் வளையத்தைச் சுற்றிக் கட்டிய கரிமச் சேர்மங்களே. ஆக, ‘கரிமத் திரை’ என்று எழுதினால் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு டிவிக்கும் அது பொருந்திவிடும். வாங்குபவருக்கு வேண்டிய வேறுபாட்டை அந்தச் சொல் காட்டாது.

> ‘உயிரொளித் திரை’ அழகாக இருக்கிறது.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் உயிர் எங்கே இருக்கிறது? வேளாண்மையில் ‘ஆர்கானிக்’ என்றால் நாம் ‘இயற்கை’ என்கிறோம், வேதியியலில் ‘கரிம’ என்கிறோம், ஈழத்துப் பாடநூல்கள் ‘சேதன’ என்கின்றன. இந்தக் குழப்பத்துக்குள் ‘உயிர்’ என்று நான்காவதாக ஒன்றை நுழைத்தால், உடம்புக்கு நல்ல டிவி என்று விற்க ஒரு கடைக்காரருக்கு வழி கிடைக்கும். வேண்டாம்.

> எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று எழுத்துப்பெயர்ப்பாகவே விட்டுவிடலாம். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

இதை நான் முழுமனதோடு மறுக்கிறேன். எல்லாருக்கும் தெரிந்திருப்பது எழுத்து மட்டுமே. ஷோரூமில் ‘எல்.இ.டி. டிவி’ என்று எழுதி வைத்திருப்பது எல்.சி.டி.தான். முன்பு அதன் பின்னால் பென்சில் போன்ற மெல்லிய குழல்விளக்குகள் எரிந்தன. பிறகு அந்த இடத்தில் எல்.இ.டி. வந்தது. விளக்கை மாற்றினார்கள், டிவியின் பெயரையே மாற்றி விற்றார்கள். அடுத்துக் ‘கியூ.எல்.இ.டி.’ வந்தது. நிறத்தைத் தெளிவாக்கும் குவாண்டம் துகள் (குவாண்டம் டாட்) படலம் சேர்த்த எல்.சி.டி. அது. இப்போது ‘மினி எல்.இ.டி.’: பின்னால் இருக்கும் விளக்குகள் சிறியவை, எண்ணிக்கையில் மிகுதி, மற்றபடி எல்.சி.டி.யே. இந்த வரிசையில் ‘ஓ.எல்.இ.டி.’யையும் நிறுத்தினால், எல்.இ.டி.யில் ஏதோ உயர்ந்த ரகம் என்றுதான் ஒருவர் நினைப்பார். ஓர் எழுத்துதான் கூட, ஆனால் உள்ளே இருப்பது அடியோடு வேறு.

அந்த வேறுபாடு இதுதான். தோல்பாவைக் கூத்தில் விளக்கு திரைக்குப் பின்னால் எரியும். பாவையின் வண்ணத்தோல் வெளிச்சத்தை ஓர் இடத்தில் வடிகட்டி விடும், ஓர் இடத்தில் தடுக்கும். எல்.சி.டி.யும் அப்படியே. நீர்மப் படிகம் தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு வழிவிடும் அல்லது வழி அடைக்கும். அடைப்பும் முழு அடைப்பு இல்லை, கொஞ்சம் கசியும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய வானம் சாம்பலாகத் தெரிவது இதனால்தான். ஓ.எல்.இ.டி.யில் பின்னால் விளக்கே கிடையாது. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் (பிக்சல்கள்). ஒவ்வொன்றும் தனக்கான ஒளியைத் தானே தரும், அணைந்தால் முழுக்க அணையும். மலிவான எல்.சி.டி.யில் இந்த 83 லட்சத்துக்கும் சேர்த்துப் பின்னால் எரிவது சில பத்து எல்.இ.டி.கள். விலை வேறுபாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெரு மெக்கானிக்குக்கு இந்தப் பாடம் யாரும் நடத்தத் தேவையில்லை. ‘சத்தம் வருது, படம் வரல’ என்று ஒருவர் டிவியைத் தூக்கி வந்தால், அவர் திருப்புளியைத் தேடுவதற்கு முன் கைபேசி டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பார். வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் படம் மங்கலாக, நீரடியில் கிடப்பதுபோல் ஓடிக்கொண்டிருக்கும். நீர்மப் படிகம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது, பின்னால் விளக்கு செத்துவிட்டது என்று அதற்குப் பொருள். ‘பேக்லைட் போச்சுங்க, ஸ்ட்ரிப் மாத்தணும்’ என்பார். அந்த எல்.இ.டி.கள் தொடராக இணைக்கப்பட்டவை, ஒன்று போனாலும் பட்டை முழுதும் இருளும். ஓ.எல்.இ.டி. இருண்டால் இந்தச் சோதனை பலிக்காது, டார்ச் அடித்தாலும் திரையில் ஒன்றும் தெரியாது. ‘பின்னொளி’ என்ற சொல் அவர் வாயில் ஒரே நாளில் உட்காரும். அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதன் தமிழ் அது.

> தன்னொளி என்றால் பழைய பிக்சர் டியூப் டிவியும் பிளாஸ்மாவும் அதில் வந்துவிடுமே?

வரும், வரட்டும். அவையும் தாமே ஒளிரும் திரைகள்தாம். தன்னொளித் திரை என்பது குடும்பப் பெயர். நாளை, புள்ளிகளாகவே நுண்ணிய எல்.இ.டி.கள் எரியும் மைக்ரோ எல்.இ.டி. விலை இறங்கி நம் வீடுகளுக்கு வந்தால் அதற்கும் இதே குடும்பத்தில் இடம் உண்டு, இன்னொரு முறை சொல் தேட வேண்டியதில்லை. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கரிமத் தன்னொளித் திரை’ என்று எழுதுவோம். அங்கே ‘கரிம’ உண்மையாகவே பிரித்துக் காட்டும்.

கணிப்பான், கைக்கடிகாரம் ஆகியவற்றின் எல்.சி.டி.யில் பின்னொளி இல்லையே என்று இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி. ‘பின்னொளித் திரை’ எல்லா எல்.சி.டி.க்கும் பெயராகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொதுப்பெயராக ‘நீர்மப் படிகத் திரை’ தொடரட்டும். டிவி என்று வந்தால் பின்னொளி இல்லாத எல்.சி.டி. கடையில் இல்லை. விளக்கு ஓரத்தில் இருக்கும் மெல்லிய டிவிகளிலும் ஒரு தகடு அந்த ஒளியைப் பரப்பிப் பின்னாலிருந்துதான் முன்னே அனுப்புகிறது.

> எல்ஜி ஓ.எல்.இ.டி.யில் வெள்ளொளி வந்து நிற வடிகட்டி வழியாகத்தானே போகிறது? அது தன்னொளியா?

தன்னொளிதான். வடிகட்டி நிறத்தைத் தருகிறது, ஒளி அந்தந்தப் புள்ளியிலேயே பிறக்கிறது. அடுத்த புள்ளி எரியும்போதே இந்தப் புள்ளி முழுக்க அணைந்திருக்க முடியும். நம் சொல்லுக்கு அதுவே அளவுகோல். சாம்சங் 2022இல் கொண்டுவந்த வகையில் நீல ஒளி பிறந்து குவாண்டம் துகள்களால் சிவப்பும் பச்சையும் ஆகிறது. அதுவும் இந்தப் பக்கமே சேரும்.

புணர்ச்சியைப் பற்றி ஐயம் எழுப்பிய புலவர் ஐயாவுக்கு: தன் + ஒளி, பின் + ஒளி இரண்டிலுமே தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வர இரட்டிக்கிறது. தன்னொளி, பின்னொளி. இரண்டும் ஒரே ஓசையில் அமைவதால் ஒன்றைச் சொன்னால் மற்றது நினைவுக்கு வரும். கையேட்டில் இணையாக வைக்க இது பெரிய வசதி.

இனி ‘பர்ன்-இன்’, அதாவது ஓர் உருவம் திரையில் நிலையாகப் பதிந்துவிடுவது. ‘எரிவடு’, ‘சூட்டுத்தடம்’ என்று இரண்டு வந்திருக்கின்றன. இரண்டிலுமே நெருப்பு இருக்கிறது, ஓ.எல்.இ.டி.யில் எதுவும் எரிவதில்லை. ஒளிரும் கரிமப் படலம் பயன்படப் பயன்படச் சோர்கிறது, நீலம் தருவது மற்றவற்றைவிட விரைவாக. செய்தி சேனலின் சின்னம் நாள் முழுக்க ஒரே மூலையில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட அதிகம் தேய்கின்றன. சேனலை மாற்றிய பிறகும் சின்னத்தின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. ஆகவே ‘தேய்தடம்’. சுடுகாடு, ஊறுகாய்போல வினைத்தொகை, சொல்லவும் எளிது. சற்று நேரம் நின்று தானே மறையும் உருவத்தை இதோடு சேர்க்கக் கூடாது. அதற்கு ‘நிழல் தங்கல்’ போதும்.

தேய்தடத்தைப் பற்றிக் கையேட்டில் கட்டாயம் ஒரு வரி வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் ரிமோட்டில் அணைத்த கையோடு சுவரிலுள்ள சுவிட்சையும் அணைப்பது பழக்கம். மின்சாரம் மிச்சம், இடி மின்னலுக்குப் பாதுகாப்பு என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது. தன்னொளித் திரை, சில மணி நேரம் ஓடியபின் ரிமோட்டில் அணைக்கப்பட்டதும், புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து சில நிமிடங்கள் தன்னைச் சரிசெய்துகொள்ளும். உடனே சுவர் சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்குபவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது தவறு. தேய்தடம் உத்தரவாதத்தில் சேருமா என்பதையும் அட்டையில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் சேர்ப்பதில்லை.

எதை வாங்கச் சொல்லலாம் என்றும் நண்பர் கேட்டிருந்தார். காலையில் செய்தியும் மாலையில் தொடரும் ஓடும் வீடு, சன்னல் வெயில் நேராக விழும் கூடம் என்றால் பின்னொளித் திரையே போதும் என்பது என் உறுதியான கருத்து. பகல் வெளிச்சத்தில் கறுப்பின் ஆழம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, சின்னம் நிற்பதாலும் கேடில்லை. ஒன்றை மட்டும் கடையிலேயே பார்க்க வேண்டும். நேரே நின்று பார்த்ததை, பாயில் உட்காரும் பிள்ளையின் இடத்திலிருந்து சாய்வாகவும் பார்க்க வேண்டும். பின்னொளித் திரைகளில் சில வகைகள் பக்கவாட்டில் வெளிறிவிடும். இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவர், பணமும் தடை இல்லை என்றால், தன்னொளித் திரை வாங்கட்டும். அந்தக் கறுப்பு வேறு எதிலும் கிடைக்காது. கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு அது தேவையில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வழக்கில் இது ‘சேதனத் தன்னொளித் திரை’ என்று ஆகும். நீர்மப் படிகம் உங்களிடம் ‘திரவப் பளிங்கு’. அடைகள் வேறுபட்டாலும் தன்னொளி, பின்னொளி என்ற அடிச்சொற்கள் இரு கரையிலும் ஒன்றாகவே நிற்கும் என்று நம்புகிறேன். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்து, தடுக்கும் இடம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

முடியாமல் நிற்பது ஒன்றுதான். பின்னொளியைப் பகுதி பகுதியாகக் குறைத்துக் கறுப்பைக் கூட்டும் ஏற்பாட்டுக்கு, அதாவது ‘லோக்கல் டிம்மிங்’குக்கு, ‘வட்டார மங்கல்’ என்று ஒருவர் தந்திருக்கிறார். ‘வட்டாரம்’ ஊரைச் சொல்வதுபோல் இருக்கிறது, ‘மங்கல்’ குறைபாடுபோல் ஒலிக்கிறது. நான் ‘பகுதித் தணிப்பு’ என்பேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால், நண்பர் கையேட்டை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து