3 அடி உப்புத்தண்ணி தொட்டி, இந்த மீனெல்லாம் ஒத்துப்போகுமா?

யீஷூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் யீஷூன்ல ஃபோர் ரூம் வீடு, ஹால்ல 3 அடி தொட்டி வச்சிருக்கேன், 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர், கல்லு மணல் போக ஒரு 150 லிட்டர் தண்ணி நிக்கும். லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கிற கடல் கல்லு) போட்டு சைக்கிள், அதாவது கழிவை உடைக்கிற பாக்டீரியா வளர்ற கட்டம், முடிஞ்சிருச்சு, அம்மோனியா நைட்ரைட் ரெண்டும் ஜீரோ, நைட்ரேட் கொஞ்சம் காட்டுது, உப்புத்தண்ணி அடர்த்தி 1.025. இன்னும் ஒரு மீன் கூட விடல. நன்னீர் மீன் ரொம்ப நாளா வளர்க்கிறேன், உப்புத்தண்ணி இதான் முதல் தடவை. எழுதி வச்சிருக்கிற லிஸ்ட் இது: க்ளவுன் ரெண்டு, ப்ளூ டேங் (tang) மீன் ஒண்ணு, கருப்பு வெள்ளை பட்டை போட்ட டேம்சல் மூணு, மாண்டரின் ஒண்ணு, ஃபயர்ஃபிஷ் ஒண்ணு, க்ளீனர் இறால் ஒண்ணு. ப்ளூ டேங் என் பொண்ணு கேட்டது, செந்தோசாவுல பார்த்ததுலேர்ந்து அந்த நீலமும் மஞ்ச வாலும்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கடையில கேட்டா எல்லாம் போடலாம்ங்கிறாங்க. எது ஒத்துப்போகும், எதை முதல்ல விடணும், கொஞ்சம் சொல்லுங்க.

கடல்பித்தன்:
மீன் விடுறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ப்ளூ டேங் வேணாம் ப்ரோ. கடையில பார்க்கிறப்ப ரெண்டு விரல் அளவுதான் இருக்கும், ஆனா அது 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளர்ற மீன், நாள் பூரா நீந்திக்கிட்டே இருக்கும், உங்க தொட்டி அகலமே 45தான், பெருசான அப்புறம் அது திரும்பவே இடம் பத்தாது. இடம் பத்தாம பயந்து கெடக்கிற டேங் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வேற சீக்கிரம் வரும், அது வந்தா தொட்டியில உள்ள எல்லா மீனுக்கும் பரவும்.

அடுத்தது அந்தப் பட்டை டேம்சல். வெலை கம்மி, லேசுல சாகாது, அதனால முதல்ல இதை விடுங்கன்னு சொல்லுவாங்க, அம்மோனியா தாங்குற மீனுன்னு சைக்கிள் பண்ண இதைத்தான் ஒரு காலத்துல போடுவாங்க. சின்னதுல கூட்டமா அழகாத்தான் இருக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் ஆளுக்கொரு கல்லைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி வர்ற எதையும் கிட்ட சேர்க்காது. உங்க லிஸ்ட்ல ஃபயர்ஃபிஷ் இருக்கே, அது பயந்த மீன், இந்த மூணும் இருந்தா பொந்தை விட்டு வெளிய வராது, சாப்பிடாமயே போய்ச் சேரும். சரி பிடிச்சு வெளிய எடுத்துடலாம்னு பார்த்தா கல்லு மொத்தத்தையும் கலைச்சாத்தான் கைக்கு வரும்.

மாண்டரின் சண்டை போடாது, அதோட பிரச்சனை சாப்பாடு. கல்லு மேல ஊர்ற கோபிபாட்னு குட்டிக் குட்டி உயிரைத்தான் நாள் முழுக்க பொறுக்கித் தின்னும், புது தொட்டியில அது அவ்வளவு இருக்காது. கடையில மாண்டரினைப் பக்கவாட்டுல நல்லா பாருங்க, பல மீனுக்கு வயிறு உள்ள ஒட்டிப்போய் முதுகு ஒடுங்கி இருக்கும், அது பட்டினி. தொட்டி ஒரு வருஷம் ஓடி, ராத்திரி டார்ச் அடிச்சா கண்ணாடியில வெள்ளையா நகர்றது நெறைய தெரியணும், அப்ப யோசிங்க.

க்ளவுன் ரெண்டும் தாராளமா போடலாம், ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதா எடுங்க. எல்லாம் ஆணாத்தான் பொறக்கும், பெருசு பொண்ணா மாறிடும், சின்னது ஆணாவே இருந்துடும். ஒரே அளவுல பெரிய மீனா ரெண்டு வாங்கினா யார் பெரியவங்கன்னு முடிவாகிற வரைக்கும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். வாங்குறப்ப ஒசெல்லாரிஸ்ங்கிற சாதா க்ளவுன்தானான்னு கேட்டுக்குங்க, மெரூன் க்ளவுன் வேற ரகம், அது ரொம்ப முரட்டு மீன்.

செங்காங் அக்கா:
தம்பி, சில்லர், அதான் தண்ணிய குளுமையாக்குற மெஷின், இருக்கான்னு சொல்லவே இல்லையே? நம்ம ஊர்ல மத்தியானம் வீட்டுக்குள்ளயே 30, 31 டிகிரி போகும், உப்புத்தண்ணி மீனுக்கு 25லேர்ந்து 27 வரைக்கும்தான் நல்லது. தண்ணி சூடாக ஆக்சிஜன் கொறையும், மீன் ஜாஸ்தி இருந்தா மூச்சு வாங்கிக்கிட்டு மேலயே நிக்கும். சில்லர் வெலை ஜாஸ்திதான், இப்போதைக்கு முடியலன்னா தண்ணி மேல காத்து படுற மாதிரி ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி கொறைக்கும். ஆனா ஃபேன் வச்சா தண்ணி வத்தும், உப்பு வத்தாது, அதனால ஊத்துறப்ப உப்பில்லாத தண்ணிதான் ஊத்தணும். பைப்புத் தண்ணிய ஒரு ராத்திரி வச்சிருந்து ஊத்தலாம்னு நெனைக்காதீங்க, பியுபி (இங்க தண்ணி வாரியம்) கிருமிக்குப் போடுறது குளோரமைன், அது சும்மா வச்சா போகாது, ஆர்ஓ ஃபில்டர்ல வடிச்ச தண்ணி ஊத்துங்க, இல்லன்னா குளோரமைனை முறிக்கிற கண்டிஷனர் போடுங்க.

அதோட எங்க வைக்கிறீங்கன்னும் பாருங்க. தண்ணி, கல்லு, கண்ணாடி, கேபினட் எல்லாம் சேர்த்து 200 கிலோவத் தாண்டும், நடு ஹால்ல வேணாம், சுவர் ஓரமா வைங்க.

உப்புக்காத்து:
கடல்பித்தன் அண்ணன் சொன்னதுல எல்லாம் ஒத்துக்கிறேன், ஆனா டேம்சல்னாலே வேணாம்னு விட வேண்டியதில்ல. எல்லோடெயில் டேம்சல்னு ஒண்ணு இருக்கு, உடம்பு பூரா பளிச்சுன்னு நீலம், வாலு மஞ்ச, 7 சென்டிமீட்டருக்கு மேல வளராது, டேம்சல் வகையில கொஞ்சம் சாதுவானது. பாப்பா கேட்ட அதே ரெண்டு கலர்தானே? ஒண்ணே ஒண்ணு மட்டும், எல்லா மீனும் விட்ட அப்புறம் கடைசியா விடுங்க.

வாங்குறப்ப மஞ்ச வாலான்னு பார்த்து வாங்குங்க, முழு நீலமா உள்ளது வேற மீன், அதுக்கு கோவம் ஜாஸ்தி. இதே மாதிரி இன்னொரு குழப்பம் ராயல் கிராமா. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்ச, அமைதியான மீன், கரீபியன் பக்கத்துலேர்ந்து வர்றதால இங்க வெலை ஜாஸ்தி. அச்சு அசலா அதே கலர்ல டாட்டிபேக்னு ஒண்ணு இந்தோனேசியா பக்கத்துலேர்ந்து வரும், வெலை கம்மி, குணம் பொல்லாதது, ஃபயர்ஃபிஷ்ஷ விரட்டி விரட்டி அடிக்கும். கிராமாவுக்கு முதுகுத் துடுப்புல ஒரு கருப்புப் பொட்டு இருக்கும், ஊதா மெல்ல மெல்ல மஞ்சளா மாறும். டாட்டிபேக்குக்கு ரெண்டு கலரும் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நிக்கும்.

மணல் இருக்குல்ல, அப்ப வாட்ச்மேன் கோபி ஒண்ணும் பிஸ்டல் இறால் ஒண்ணும் சேர்த்து விடுங்களேன். இறாலுக்குக் கண்ணு சரியா தெரியாது, அது குழி தோண்டி மணலைத் தள்ளிக்கிட்டே இருக்கும், மீன் வாசல்ல காவல் நிக்கும். இறால் வெளிய வர்றப்ப மீசைய மீன் மேல வச்சுக்கிட்டேதான் வரும், ஆபத்துன்னா மீன் வாலை லேசா ஆட்டும், அடுத்த நொடி ரெண்டும் உள்ள. எங்க வீட்டுல டிவிய விட இதைத்தான் பார்ப்போம். ஆனா கல்லை மணல் மேல வைக்காம தொட்டி அடியிலயே நல்லா உக்கார வச்சிருக்கணும், இல்லன்னா தோண்டித் தோண்டி கல்லு சரிஞ்சிடும்.

யீஷூன்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். எல்லோடெயில் படத்தை பொண்ணுகிட்ட காட்டினேன், உடனே சரின்னுட்டா. சில்லர் இல்ல அக்கா, ஃபேன் இந்த வாரமே வாங்கிடுறேன். இன்னும் ரெண்டு கேள்வி. க்ளவுனுக்கு அனிமோன், அதான் அது உள்ள பூந்துக்கிற பூ மாதிரி கடல் உயிர், கட்டாயமா? வாங்கின மீனை நேரா தொட்டியில விடலாமா?

கடல்பித்தன்:
அனிமோன் இல்லாமயே க்ளவுன் நல்லா இருக்கும். அனிமோனுக்கு நல்ல லைட் வேணும், பழகின தொட்டி வேணும், புது தொட்டியில இடம் பிடிக்காம நகர்ந்து நகர்ந்து பம்புல மாட்டிச் செத்தா தண்ணி மொத்தமும் கெட்டுப்போகும்.

நேரா விடாதீங்க. சின்னதா தனித் தொட்டி ஒண்ணு, ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிஞ்சுக்க ஒரு பைப்புத் துண்டு போதும், ஒரு மாசம் அதுல வச்சுப் பாருங்க. வெள்ளைப்புள்ளிக்கு காப்பர் மருந்து அதுலதான் போட முடியும், பெரிய தொட்டியில போட்டா இறால் செத்துடும். கடையில, அது செராங்கூன் நார்த்தோ பாசிர் ரிஸ்ஸோ, காசு குடுக்கிறதுக்கு முன்னாடி அந்த மீனுக்கு தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்க, சாப்பிடலன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க.

விடுற வரிசை: முதல்ல ஃபயர்ஃபிஷ்ஷும் க்ளீனர் இறாலும், அடுத்து கோபி ஜோடி, அப்புறம் க்ளவுன், கடைசியா எல்லோடெயில். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு வாரம் விட்டு அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க.

செங்காங் அக்கா:
ஃபயர்ஃபிஷ் குதிக்கும் தம்பி, வயர் போற சின்ன ஓட்டை வழியா கூட வெளிய விழுந்துடும். வலை மூடி போட்டுட்டு அப்புறம் மீன் வாங்கப் போங்க.